கிரீம், கண் சொட்டு, சிரப்: பிரிசர்வேட்டிவைப் புரிந்துகொண்டு பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

ஷாம்பு தீரப்போகும் நேரத்தில் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் நாலு நாள் ஓட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஒருமுறை அப்படிக் குலுக்கி வைத்துவிட்டு வெளியூர் போனேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், தேங்கிய பூச்சாடித் தண்ணீரின் வாடை. மூடியின் உட்புறத்தில் விரலால் தேய்த்தால் வழுக்கும் ஒரு படலம். நிறுவனத்தைத் திட்டத்தான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது: அந்த ஷாம்புவில் கிருமி வளராமல் காத்துவந்த பிரிசர்வேட்டிவை நீர்த்துப்போக வைத்தவனே நான்தான்.

பிரிசர்வேட்டிவ் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'கெமிக்கல் இருக்கா, இல்லையா' என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, உடம்பில் எந்த இடத்தில் படுகிறது, பாட்டிலைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று: இந்த நாலையும் கேட்கப் பழகினால் போதும். அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்

பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகத் தண்ணீர் வேண்டும். லேபிளின் தொடக்கத்திலேயே 'வாட்டர்' அல்லது 'அக்வா' என்று இருந்தால், அந்தப் பொருளைக் காக்க ஏதாவது ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். லோஷன், கிரீம், டோனர், ஷாம்பு, கண் சொட்டு, சிரப் எல்லாம் இந்த வகை. எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, பவுடர், மாத்திரை ஆகியவற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பிரிசர்வேட்டிவின் தேவையும் குறைவு. ஆனால் ஈரக் கையை ஜாடிக்குள் விட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

தண்ணீர் இருந்தும் தன்னைத் தானே காத்துக்கொள்பவையும் உண்டு. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும் சிரப்பில் கிருமிக்குக் கிடைக்கும்படி தண்ணீர் மிஞ்சுவதில்லை. ஆல்கஹால் அதிகமுள்ள திரவங்களும் அப்படித்தான். சர்க்கரை இல்லாத சிரப்பில் பிரிசர்வேட்டிவ் பெயர்கள் அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுதான்: சர்க்கரை பார்த்த வேலையை இப்போது வேறொன்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிரீமின் பிரிசர்வேட்டிவ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? வேண்டுமென்றே கிருமியைப் போட்டுப் பார்ப்பார்கள். 'சேலஞ்ச் டெஸ்ட்' என்று பெயர். சூடோமோனாஸ் எருஜினோசா, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை என்ற மூன்று பாக்டீரியா, கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சை ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கலந்து 28 நாள் கவனிப்பார்கள். அழகுப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 11930 என்ற சர்வதேசத் தரத்தின் கடுமையான அளவுகோலில், பாக்டீரியா 7 நாளுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அந்த ஐந்தில் கவலை தருவது சூடோமோனாஸ். வெறும் தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்ளும். கண்ணில் புகுந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியைச் சிதைத்துவிடக்கூடியது.

படி 2: லேபிளில் ஒரு சதவீதக் கோட்டைக் கண்டுபிடியுங்கள்

அழகுப் பொருள்களின் லேபிளில் பொருள்கள் அளவின்படி, அதிகமுள்ளது முதலில் என்ற வரிசையில் இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதும் அந்த வரிசை கட்டாயமில்லை. எதையும் எங்கும் போடலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது. ஆனால் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால் அந்தப் பெயர் வரும் இடத்தையே கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வருகிற எல்லாமே மிகச் சிறு அளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட மூலிகைச் சாறு அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 3: பெயர்களைப் பிரித்தறியுங்கள்

எல்லாப் பிரிசர்வேட்டிவையும் ஒரே கூடையில் போடுவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

பாராபென்கள். மெத்தில், எத்தில், புரோப்பில், பியூட்டில் என்று பெயருக்கு முன்னால் ஒன்று ஒட்டியிருக்கும். 1920களிலிருந்து பயன்பாட்டில் இருப்பவை. இவற்றுக்குக் கெட்ட பெயர் வந்தது 2004ல். பிரிட்டனில் 20 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தபோது அவற்றில் பாராபென் தடயம் தெரிந்தது. நோயில்லாத திசுவோடு அந்த ஆய்வு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பாராபென்தான் புற்றுநோயை உண்டாக்கியது என்று சொல்லவும் இல்லை. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. அதற்காக இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம் என்றும் இல்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல மிக லேசாக நடந்துகொள்ளும் குணம் இவற்றுக்கு உண்டு. மெத்திலில் குட்டையாகவும் பியூட்டிலில் நீளமாகவும் இருக்கும் மூலக்கூறின் வால் நீள நீள அந்தக் குணம் கூடும். அதனால்தான் மெத்திலுக்கும் எத்திலுக்கும் தனித்தனியாக 0.4 சதவீதம் வரை விட்ட ஐரோப்பா, புரோப்பிலையும் பியூட்டிலையும் சேர்த்தே 0.14 சதவீதத்தில் நிறுத்தியது. டயபர் பகுதியில் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த இரண்டையும் 2014ல் தடையும் செய்தது. ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில் போன்ற சிலவற்றுக்கு அங்கே முழுத் தடை. ஒவ்வாமை விஷயத்திலோ நிலைமை நேர் எதிர். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2019ல் பாராபென்களுக்கு 'ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்' என்ற பட்டத்தையே கொடுத்தது.

ஐசோதயசோலினோன்கள். என் பார்வையில், லேபிளில் முதலில் தேட வேண்டிய பெயர் இது. மெத்தில்ஐசோதயசோலினோன், அதோடு சேர்ந்து வரும் மெத்தில்குளோரோஐசோதயசோலினோன். 'பாராபென் இல்லை' என்று விற்க வேண்டும் என்ற அவசரம் வந்ததும், அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவற்றில் இதுவும் ஒன்று. மிகக் குறைந்த அளவிலேயே கிருமியைக் கொல்லும். தோலையும் எளிதில் ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். முகத்தில், கண் இமையில், ஈரத் துடைப்பான் பயன்படுத்தும் பெற்றோரின் விரல்களில் எக்ஸிமா (அரிப்போடு தோல் சிவந்து வெடிப்பது) வரத் தொடங்கியது. மேலே சொன்ன அதே சங்கம் 2013ல் இதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் விடும் பொருள்களில் ஐரோப்பா இதைத் தடை செய்துவிட்டது. ஷாம்பு, சோப்புத் திரவம் போலக் கழுவிவிடுவதில் 0.0015 சதவீதம் மட்டுமே அனுமதி. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கும். சுவருக்கு அடிக்கும் பெயின்டிலும் இதே பொருள் இருப்பதால், புதிதாக வண்ணம் அடித்த அறையில் உட்கார்ந்தாலே சிலருக்கு முகம் சிவந்து வீங்குவதுண்டு.

ஃபார்மால்டிஹைடு விடுவிப்பவை. பெயரில் ஃபார்மால்டிஹைடு என்ற சொல்லே இருக்காது. டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 என்று இருக்கும். தண்ணீரில் இருந்துகொண்டு ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே இவற்றின் வேலை. மூச்சில் தொடர்ந்து போகும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஷாம்புவில் வெளிப்படும் அளவு அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. நடைமுறையில் சந்திக்கும் சிக்கல் ஒவ்வாமைதான். எக்ஸிமா உள்ளவர்கள், கைக் குழந்தைக்கு வாங்குபவர்கள் தவிர்த்துவிடலாம். மாற்றுப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை.

சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட். 'இயற்கை' என்று விற்கும் பொருள்களில் அதிகம் காண்பது இந்த இரண்டும். பாதுகாப்பானவைதான், ஆனால் அமிலத் தன்மை இருந்தால்தான் வேலை செய்யும். பென்சோயிக் அமிலத்தில் கிருமியைத் தாக்கும் வடிவம், பி.எச். (அமிலத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.2ல் பாதியளவு இருக்கும், பி.எச். 6ல் நூற்றுக்கு 2 பங்குகூட மிஞ்சாது. அதாவது லேபிளில் பெயர் இருக்கும், உள்ளே காவல் இருக்காது.

ஃபீனாக்ஸிஎத்தனால் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வாமை அபூர்வம். பூஞ்சைக்கு எதிராகக் கொஞ்சம் பலவீனம் என்பதால் துணைக்கு இன்னொன்று கூடவே வரும்.

படி 4: 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

தண்ணீர் உள்ள பொருளில் இப்படி எழுதியிருந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும். காற்றே புகாத பம்ப் போன்ற பாட்டில் அமைப்பே காக்கிறது. அல்லது அதே வேலையைச் செய்யும் பொருள் வேறு தலைப்பில், 'வாசனைப் பொருள்', 'தோலை மென்மையாக்குவது' என்ற பெயரில் உள்ளே இருக்கிறது. அல்லது உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இந்த மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது.

எலுமிச்சை, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டின் விதைச் சாறு இதில் ஒரு வேடிக்கையான கதை. இயற்கைப் பிரிசர்வேட்டிவ் என்று நல்ல பெயர். சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்தபோது, கடையில் விற்ற பல மாதிரிகளில் பென்செத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்கள் இருந்தன. அவை இல்லாத சாறு கிருமியைக் கொல்லவே இல்லை.

படி 5: தோலில் பூசிச் சோதியுங்கள்

புதிய கிரீமை முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் பூசுங்கள். ஒவ்வாமை பொதுவாகத் தாமதமாகத்தான் வெளிப்படும். ஒரு இரவு பூசிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவுகட்ட முடியாது. ஷாம்பு, சோப்பு போன்றவற்றை இப்படிப் பூசி விட்டுவிடாதீர்கள், அவை யாருடைய தோலையும் எரிச்சலூட்டும். அரிப்பும் சிவப்பும் அடிக்கடி திரும்பி வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களைத் தடவி முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். காரணமான பொருளின் பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் லேபிள் படிப்பது சுலபம்.

படி 6: மருந்தென்றால் உடம்பில் எங்கே போகிறது என்று பாருங்கள்

தோலில் சாதுவாக இருக்கும் பொருளே, போகிற இடம் மாறினால் வேறு முகம் காட்டும். இதற்குப் பென்சைல் ஆல்கஹாலைவிடச் சரியான உதாரணம் கிடையாது. கிரீமில் சாதாரணமாக இருப்பது. ஊசிக்கான உப்புத் தண்ணீரிலும் 0.9 சதவீதம் சேர்ப்பதுண்டு; பெரியவர்களின் உடம்பு அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், குறைமாதக் குழந்தைகளின் ரத்தக்குழாய்க் குழலைக் கழுவ அதே தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பச்சிளம் கல்லீரலுக்கு அதைச் சமாளிக்கத் திறன் இல்லை. ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, மூச்சுத் திணறி, குழந்தைகள் இறந்தன. 1982ல் எச்சரிக்கை வந்தது. பச்சிளம் குழந்தைகளுக்கும், முதுகுத்தண்டு நீரில் போடும் ஊசிக்கும் பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்தையே எடுக்க வேண்டும் என்ற விதி இத்தகைய பாடங்களிலிருந்து வந்ததுதான்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் என்ற ஊரில் 21 குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து போடப்பட்டது. பலமுறை ஊசி குத்தி எடுக்கும் குப்பி. அதில் பிரிசர்வேட்டிவ் இல்லை. முன்பே குத்தித் திறந்திருந்த குப்பிக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் பெருகியிருந்தது. 12 குழந்தைகள் இறந்தன. கிருமி வளரக்கூடிய மருந்தைக் காப்புப் பொருள் இல்லாமல் பலமுறை எடுக்கும் குப்பியில் வைக்கக் கூடாது என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசிக் குப்பிகளில் பின்னாளில் பரவலாகப் பயன்பட்ட தியோமெர்சால் என்ற பிரிசர்வேட்டிவ் பற்றிப் பேசும்போது இந்தக் கதையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதில் பாதரசம் இருப்பது உண்மை. ஆனால் அது உடம்பில் எத்தில் பாதரசமாக மாறும். ரத்தத்தில் அதன் அளவு ஒரு வாரத்துக்குள் பாதியாகிவிடும். மீனில் சேரும் மெத்தில் பாதரசம் பாதியாக ஒன்றரை மாதம் பிடிக்கும். ஆட்டிசத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று பெரிய அளவில் தேடிப் பார்த்தும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

வீட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது கண் சொட்டு. பெரும்பாலான பாட்டில்களில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும், பெரும்பாலும் 0.01 சதவீத அளவில். ஒரு வாரத்து ஆன்டிபயாடிக் சொட்டுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. கண் அழுத்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் தினமும் விடுபவர்களுக்குக் கண்ணின் மேற்பரப்பு வறண்டு உறுத்தத் தொடங்கலாம். அப்போது சொட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத வடிவம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் இந்தப் பொருளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொட்டுவிட்டு, 15 நிமிடம் கழித்துத்தான் மாட்ட வேண்டும்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டுக்கே போய்விடலாமா? 2022, 2023ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாமல், ஆனால் பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் வந்த செயற்கைக் கண்ணீர் ஒன்றின் வழியே மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போயிற்று, நால்வருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது, நால்வர் இறந்தார்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்கினால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் சின்னக் குழலையோ, காற்று திரும்பி உள்ளே போகாதபடி செய்த தனி வகைப் பாட்டிலையோ வாங்குங்கள். சின்னக் குழலில் மிச்சம் இருக்கிறதே என்று மூடியைத் திருப்பிச் செருகி மறுநாளுக்கு வைக்காதீர்கள். மனசு கேட்காதுதான், எறிந்துவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு அந்த மருத்துவமனை வாடை பழக்கமாகியிருக்கும். அது இன்சுலினின் வாடை இல்லை, மெட்டா-கிரசால் என்ற பிரிசர்வேட்டிவின் வாடை. அது இருப்பதால்தான் ஒரே குப்பியை நாள்கணக்கில் குத்தி எடுக்க முடிகிறது. பெரும்பாலானவற்றுக்குத் திறந்தபின் 28 நாள். சில வகைகளுக்கு 42, 56 நாள் என்றும் உண்டு. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருப்பதே கணக்கு.

ஆஸ்துமா உள்ளவர்கள் சல்ஃபைட் என்ற பெயரைக் கவனியுங்கள். பிரிசர்வேட்டிவ் என்பதைவிட மருந்து காற்றில் கெடாமல் தடுப்பது என்று சொல்லலாம். சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டிவிடும். ஆனால் உயிர்காக்கும் அட்ரினலின் ஊசியில் சல்ஃபைட் இருந்தாலும் அவசரத்தில் அதைத் தவிர்க்கக் கூடாது.

படி 7: திறந்த தேதியை எழுதிவையுங்கள்

பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி, திறக்காத பாட்டிலுக்கு. திறந்ததும் வேறு கடிகாரம் ஓடத் தொடங்கும். அழகுப் பொருள்களில் மூடி திறந்த ஜாடிப் படமும் அதற்குள் 6, 12 என்று மாதக் கணக்கும் இருக்கும். கண் சொட்டுக்குப் பொதுவாக 28 நாள். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் சிரப்புக்கு, வகையைப் பொறுத்து 7 முதல் 14 நாள். மஸ்காராவுக்கு மூன்று மாதம். ஒரு பேனாவால் பாட்டிலின் அடியில் தேதியைக் கிறுக்கிவையுங்கள். இந்த வழிகாட்டியில் மிக மலிவான யோசனை இதுதான், அதிகப் பேர் செய்யாமல் விடுவதும் இதுதான்.

கண் சொட்டின் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. ஜாடியில் ஈர விரலை விடாதீர்கள். பம்ப், குழாய் வடிவம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கைகழுவும் திரவம் தீரும் முன்பே மேலே மேலே நிரப்பாதீர்கள்: பாத்திரத்தைக் காலி செய்து, கழுவி, உலர்த்தித்தான் மறுபடி ஊற்ற வேண்டும். நிறம், வாடை, பதம் மாறினால் எறிந்துவிடலாம். ஆனால் மாறவில்லை என்பதை நம்பி வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கிராமில் லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கும்போதும் கிரீம் பார்வைக்குப் புத்தம்புதிதாகவே இருக்கக்கூடும்.

படி 8: வீட்டில் செய்பவர்களுக்கு

எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்த்த தைலம் என்றால் தைரியமாகச் செய்யலாம். வைட்டமின் ஈ சில துளி விட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது தள்ளிப்போகும். கவனியுங்கள், வைட்டமின் ஈ கிருமியைக் கொல்லாது. அதைப் பிரிசர்வேட்டிவ் என்று சொல்லித் தரும் வீடியோக்கள் தவறு.

தண்ணீரோ சாறோ சேர்த்த நிமிடம் நிலைமை மாறிவிடுகிறது. பிரிசர்வேட்டிவ் சேர்ப்பது என்று முடிவெடுத்தால் எடை போடும் கருவியும் பி.எச். காகிதமும் இல்லாமல் இறங்காதீர்கள். 'அரை ஸ்பூன்' என்பது இங்கே அளவே இல்லை: 100 கிராம் லோஷனுக்கு 1 சதவீதம் என்றால் 1 கிராம், சமையல் தராசு அதைச் சரியாகக் காட்டாது, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்துக்குக் கீழே ஆறியபின் சேர்த்து, முழுக்கக் கலந்து, கடைசியில் பி.எச். பாருங்கள். பென்சோயேட், சார்பேட் என்றால் 5க்குக் கீழே இருக்க வேண்டும்.

எதையும் சேர்க்க மாட்டேன் என்பவர்கள் ஒரு வேளைக்கு மட்டும் செய்யுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். கற்றாழைக் கூழ் போன்றவற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் நாளுக்கு ஒரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். உறைந்த கூழில் கிருமி சாகாது, பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். அதனால் உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். கண்ணுக்கும் புண்ணுக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.